திரையில் பிரட்பி கேடயம்
கொழும்பு றோயல் கல்லூரியும் கண்டி திரித்துவக் கல்லூரியும் மோதும் பிரட்பி கேடய றக்பி 1945இல் தொடங்கியது. வழக்கமாக ஒரு போட்டி கண்டியில், மற்றது கொழும்பில். இரண்டிலும் சேர்த்துக் கூடிய புள்ளி பெறும் அணிக்கே கேடயம். ஆகவே இரண்டாம் போட்டியின் ஒளிபரப்பில் அன்றைய புள்ளிகளை மட்டும் காட்டினால் போதாது. முதல் போட்டியின் வித்தியாசத்தையும் வர்ணனையாளர் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று தோற்கும் அணி கேடயத்தைத் தட்டிச் செல்வதும் சாத்தியம்.

நடுக்கோட்டுக்கு நேரே உயரத்தில் நிற்கும் பிரதான கமராதான் ஆட்டத்தைச் சொல்கிறது. அணிகளின் வரிசை முழுதாகத் தெரிவது அதில்தான். வீரர்கள் பந்துக்காகக் குவியும் இடத்தை எல்லைக்கோட்டருகே உள்ள கமரா நெருங்கிக் காட்டும். எந்தப் படம் திரைக்குப் போவது என்பதை ஒளிபரப்பு வண்டிக்குள் இருக்கும் இயக்குநர் கணத்துக்குக் கணம் தெரிவுசெய்கிறார். எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் பந்தை நிலத்தில் வைக்கும் ட்ரை ஒன்றுக்கு 5 புள்ளி. அதைத் தொடரும் உதைக்கு வீரர் தயாராகும் இடைவெளி மீள்காட்சிக்கு உதவும்.

பார்வையாளர் பகுதியின் பப்பரே வாத்திய ஒலியும் சேர வேண்டும். அது குறைந்தால், எம்பிலிப்பிட்டியவில் வீட்டிலிருந்து பார்ப்பவருக்குப் பாடசாலை றக்பியின் பாதிக் கலகலப்பு போய்விடும்.