சாந்தோமின் கற்களைப் படிக்க ஒரு மொழி
வலைவழி மொழிகள் – 11

போர்த்துகீசியம் கற்க எந்தத் தளம் நல்லது என்று கேட்பவர்களில் பெரும்பாலானோர் லிஸ்பனுக்குப் படிக்கப் போகிறவர்கள், அல்லது பிரேசில் நிறுவனத்தோடு வேலை செய்கிறவர்கள். அவர்களுக்கும் இந்த வாரம் பயன்படும். ஆனால் நான் மனதில் வைத்து எழுதுவது சாந்தோமிலும் மயிலாப்பூரிலும் குடியிருப்பவர்களை. இந்த மொழி அவர்கள் தெருவிலேயே கிடக்கிறது.

லஸ் காட்டுக்கோயிலில் உள்ள போர்த்துகீசியக் கல்வெட்டு 1516-ஆம் ஆண்டைக் குறிக்கிறது. மாதாக் கோயிலுக்கும் கடற்கரைக்கும் இடையே ஒரு போர்த்துகீசிய நகரமே எழுந்தது. 1606-இல் மயிலை தனி மறைமாவட்டமாயிற்று. 1749-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகும் ஆயர்களை நியமிக்கும் உரிமை போர்த்துகலிடமே இருந்தது. இன்று நாம் பார்க்கும் வெண்ணிறப் பேராலயத்தைக் கட்டி 1896-இல் திறந்தவர் ஆயர் என்ரிக்கே ஜோசே ரீட் த சில்வா. சென்னை, மயிலை மறைமாவட்டங்கள் ஒன்றானது 1952-இல்தான். நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட கல்லும் காகிதமும் இந்த மொழியில் இருக்க, அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் மிகக் குறைவு என்பது எனக்குத் தாங்கவில்லை.

எந்தச் செயலியையும் தொடுவதற்கு முன் ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்: பிரேசிலா, போர்த்துகலா? டியோலிங்கோ சொல்லித் தருவது பிரேசில் பேச்சு. காலை வணக்கத்தை அங்கே ‘போங் ஜீயா’ என்பார்கள். லிஸ்பனில் ‘போங் தீயா’. சொல்லின் கடைசி ‘ஸ்’ லிஸ்பனில் ‘ஷ்’ ஆகிறது. அழுத்தம் விழாத ‘ஒ’ ‘உ’ ஆகிறது. மற்ற உயிர்களில் பாதி வாய்க்குள்ளேயே கரைந்துபோகிறது. எழுத்தைப் பார்த்தால் புரிகிற வாக்கியம் காதில் விழுந்தால் புரியாது. சாந்தோமுக்காகக் கற்பவர் போர்த்துகலைத்தான் எடுக்க வேண்டும். டியோலிங்கோ தவறில்லை, சொற்கள் சேர்க்க உதவும். ஆனால் அதையே பிடித்துக்கொண்டிருந்தால் காது பழகாது.

காதுக்கு முதல் இடம் ‘பிராக்டிஸ் போர்ச்சுகீஸ்’ தளம். போர்த்துகல் பேச்சை மட்டுமே சொல்லித் தருகிறது. பாடங்களுக்குச் சந்தா உண்டு. ஒலிப்பதிவு உரையாடல்களை இலவசமாகக் கேட்கலாம். காசு செலவில்லாமல் முறையான பாடம் வேண்டுமென்றால், குடியேறி வருபவர்களுக்காகப் போர்த்துகல் அரசு உருவாக்கிய ‘பிளாட்டஃபோர்மா தெ போர்த்துகேஸ் ஆன்லைன்’ இருக்கிறது. ஓரளவு தேறியதும் அந்நாட்டுப் பொது ஒலிபரப்பான ஆர்டிபியின் வானொலியை வீட்டில் ஓடவிடுங்கள். அகராதிக்குப் ‘பிரிபெராம்’, இலக்கணச் சந்தேகத்துக்கு 1997 முதல் கேள்வி பதிலாகவே வளர்ந்து வந்திருக்கும் ‘சிபெர்டூவிடாஷ்’. இந்தியாவில் நேரில் கற்க வேண்டுமென்றால் கோவா. பணஜியில் கமோயிஷ் நிறுவனத்தின் மொழி மையம் இருக்கிறது.

இந்தத் தளங்களின் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவரின் நாக்கை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. அவர்களுக்கு வரும் தொல்லைகளில் பல நமக்கு வருவதே இல்லை. ‘ப’, ‘த’, ‘க’ ஆகியவற்றை மூச்சுக்காற்று விடாமல் சொல்லுங்கள் என்று ஆங்கிலேயருக்குப் பக்கம் பக்கமாகச் சொல்வார்கள். பால், தலை, கால் என்று சொல்கிற நாக்குக்கு அந்தப் பயிற்சி வேண்டாம். போர்த்துகீசியத்தின் ‘த’ நம் ‘த’ போலவே பல்லில் படுவது. ‘ஞ’ நம்மிடம் இருக்கிறது. திராட்சை மதுவுக்கான சொல்லை ‘வீஞு’ என்று எழுதினால் முடிந்தது.

மூக்கொலிதான் பெரிய மலை என்பார்கள். ‘அவன் வந்தான்’ என்பதைப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். கடைசி ‘ன்’ நாக்கில் படாமல் மூக்கில் கரைந்துவிடும். ரொட்டிக்கான ‘பாவ்’, இல்லை என்பதற்கான ‘நாவ்’ இரண்டுக்கும் வேண்டியது அந்த ஓசைதான். ஆகவே குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எடுங்கள். நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். அங்கே வல்லொலியும் மெல்லொலியும் மாறினால் பொருளே மாறும். மெல்லொலிக்கு அடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சொல்லின் முதலில் வரும் ‘ர’ லிஸ்பனில் தொண்டையிலிருந்து வருவது. அதை ஃபோர்வோ தளத்தில் உள்ளூர்க்காரர் குரலில் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

இனி கற்கள். பழைய போர்த்துகீசியக் கல்லறை எழுத்து பெரும்பாலும் ‘இங்கே உறங்குகிறார்’ என்றோ ‘இன்னாரின் கல்லறை’ என்றோ தொடங்கும். ‘யு’ வரவேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும். ‘ஜே’ வரவேண்டிய இடத்தில் ‘ஐ’. இடம் போதாதபோது மூக்கின மெய்யை விட்டுவிட்டு, முந்தைய எழுத்தின் மேல் அலைக்கோடு ஒன்றைப் போட்டிருப்பார்கள். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டாலே தடுமாற்றம் பாதி குறையும். 1911-இல் போர்த்துகல் எழுத்துமுறையைத் திருத்தியது. அதற்கு முந்தைய சொல்லை இன்றைய அகராதியில் அப்படியே தேடினால் பல நேரம் கிடைக்காது. அப்போது உதவுவது ரஃபாயெல் புளூட்டோவின் அகராதி. 1712-இல் வெளிவரத் தொடங்கியது. சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் பிரசிலியானா நூலகம் அதை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. கல்வெட்டுகளுக்கு ஜூலியன் காட்டன் 1905-இல் தொகுத்த சென்னைக் கல்லறை எழுத்துகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல், சாவி, அலமாரி என்று நம் வீட்டுக்குள் வந்துவிட்ட சொற்களின் பட்டியலைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதில் ஆர்வம் உள்ளவர்கள் கோவாவில் பிறந்த செபஸ்தியாவ் ரொதோல்ஃபு தல்காதுவின் 1913-ஆம் ஆண்டு நூலைத் தேடிப் படியுங்கள். ஆசிய மொழிகளில் கலந்த போர்த்துகீசியச் சொற்களை மொழி மொழியாக ஆராய்ந்தவர் அவர்.

நான் இன்னும் அதிகம் மதிப்பது வேறொன்றை. தமிழரும் போர்த்துகீசியரும் ஒருவர் மொழியை ஒருவர் கற்ற தடம் அச்சிலேயே இருக்கிறது. 1554-இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’ என்ற மறைக்கல்வி நூலில் தமிழ் ரோமன் எழுத்தில் ஓடும், கூடவே சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியம். சிவப்பும் கறுப்புமாக அச்சிட்டார்கள். அதற்கு உழைத்தவர்கள் வின்சென்தே தெ நசரே, ஜோர்ஜெ கார்வால்யு, தொமே த குரூஷ் என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற மூன்று தமிழர்கள். 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அந்தாவ் தெ புரோயென்சாவின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி வந்தது. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருக்க, தனிநாயகம் அடிகள் 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். தமிழ்ச் சொல்லிலிருந்து போர்த்துகீசியத்துக்குப் போகும் வழி நமக்கு அப்போதே போடப்பட்டிருக்கிறது. எந்த நூலகத்திலாவது அந்த மறுபதிப்பு கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஓராண்டு விடாமல் படித்தவர் போர்த்துகீசியக் கவிஞர் கமோயிஷின் காவியத்தைத் திறக்கலாம். 1572-இல் வெளிவந்தது, குட்டன்பர்க் தளத்தில் மூலம் இலவசம். முதலிலிருந்து தொடங்க வேண்டாம். பத்தாம் காண்டத்துக்குப் போய், புனித தோமாவையும் மயிலாப்பூரையும் பாடும் பகுதியை எடுங்கள். பிரிபெராமைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு ஒரு செய்யுள் போதும்.

அடுத்த வாரம் மட்டக்களப்பு. அங்கே பறங்கியர் வீடுகளில் இன்றும் பேசப்படும் இலங்கைப் போர்த்துகீசியத்தின் குரல்பதிவுகள் இணையத்தில் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கேட்கும் முறையைப் பார்ப்போம்.