ராஜபார்ட் வராத நாடகம்

சன் குழுமத்தின் ஆதித்யா 2009-ல் தொடங்கிய சானல். 2024-ல் அதற்குப் பதினைந்து ஆண்டு நிறைந்தது. செய்திச் சானலோ தொடர்நாடகச் சானலோ ஆண்டு நிறைவு கொண்டாடினால், தான் உண்டாக்கியவற்றைத் திரும்பிப் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும். முழுநேர நகைச்சுவைச் சானல் எதைத் திரும்பிப் பார்ப்பது? அது காட்டுகிற சிரிப்பில் பெரும்பகுதி, அது பிறப்பதற்கு முன்பே படமாக்கப்பட்டுவிட்டது. ஆதித்யா தொடங்கிய அதே 2009-ன் ஜனவரி 31 அன்றுதான் நாகேஷ் இறந்தார். அப்புறம் மனோரமா, விவேக் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். இந்தத் திரையில் மட்டும் இறந்தவர்களுக்கும் அன்றாடம் வேலை உண்டு. ஆக, கொண்டாடப்படுவது சானலின் வயதல்ல, ஒரு வெட்டின் வயது என்றுதான் எனக்குப் படுகிறது. கதையிலிருந்து சிரிப்பைத் தனியே வெட்டியெடுத்து இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிடலாம் என்ற கண்டுபிடிப்பின் வயது.

வியாபாரக் கணக்கு எளிமையானது. 1993 ஏப்ரலில் தொடங்கிய சன் டிவி அதன்பின் வாங்கிக் குவித்த படங்களின் ஒளிபரப்பு உரிமை கையில் இருக்கிறது. முழுப்படத்தை வருஷத்துக்குச் சில தடவைதான் போட முடியும், பார்க்கிறவனுக்கு அலுத்துவிடும். அதன் காமெடியை மட்டும் நறுக்கினால் தினமும் போடலாம். சன் டிவியின் ‘காமெடி டைம்’ இதற்கு ஒத்திகை மாதிரி. 2007-ல் வந்த கலைஞர் தொலைக்காட்சியும் 2009-ல் சிரிப்பொலியைத் தொடங்கியது. இது நம்மூர் மூளை மட்டும் என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவில் எச்.பி.ஓ. நிறுவனம் 1989-ல் தொடங்கிய காமெடி சானலும் முதலில் படங்களிலிருந்தும் மேடைகளிலிருந்தும் எடுத்த துண்டுகளைத்தான் தொகுப்பாளர்களை வைத்து ஓட்டியது. 1991-ல் இன்னொரு சானலோடு இணைந்து காமெடி சென்ட்ரல் ஆனது. நம் பக்கம் இதற்கு ஒரு தனிச்சூழல் வாய்த்தது. 2006-லிருந்து ஐந்தாண்டுகளில் அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேல் இலவச வண்ணத் தொலைக்காட்சிகளைக் கொடுத்தது. (எங்கள் குச்சனூரில் அந்தப் பெட்டிக்கும் ‘கலைஞர் டிவி’ என்றுதான் பெயர். கலைஞர் டிவியில் கலைஞர் டிவி வரவில்லை என்று கேபிள்காரரிடம் சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.)

இத்தகைய சானல்களைப் பற்றி நம் விமர்சகர்களிடம் ஒரு வழக்கமான புலம்பல் உண்டு: படம் என்ற முழுமையை இவை சிதைக்கின்றன, பிரதியின் உடலைக் கூறுபோடுகின்றன என்று. எனக்கு இதில் உடன்பாடில்லை. இங்கே முழு உடல் எப்போது இருந்தது?

எங்கள் பக்கம் கோயில் திருவிழாக்களில் போடும் ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த வள்ளி திருமணம்தான் நாடகம். ஆனால் இரவு பத்து மணிக்கு மேடையேறுவது வேலனும் அல்ல, வள்ளியும் அல்ல, பபூன். அவர் தனியாகப் பேசுவார், பாடுவார், பிறகு டான்ஸ்காரப் பெண்ணோடு வம்பளப்பார். வள்ளி கதைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நடுநிசி நெருங்குகையில்தான் கதை எழுந்திருக்கும், ராஜபார்ட் வருவார். பபூனைப் பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விடுகிற கூட்டம் ஒன்று எப்போதும் இருந்தது. சினிமா இந்த அமைப்பைத்தான் சுவீகரித்தது. என்.எஸ். கிருஷ்ணன்–மதுரம் ஜோடியின் பகுதிகள் பல படங்களில் தனியே எழுதி, தனியே எடுத்து ஒட்டப்பட்டவை. பிற்பாடு இதற்கு ‘காமெடி டிராக்’ என்றே பெயர் நிலைத்தது. ‘வைதேகி காத்திருந்தாள்’ (1984), ‘கரகாட்டக்காரன்’ (1989) ஆகியவற்றில் கவுண்டமணி–செந்திலுக்கு எழுதியவர் அ. வீரப்பன், இயக்கியவர்கள் வேறு. இரண்டாவதன் இயக்குநர் கங்கை அமரன் எங்களுக்குப் பக்கத்துப் பண்ணைப்புரத்துக்காரர் என்பதில் எங்கள் பள்ளத்தாக்குக்கு ஒரு தனிப் பெருமிதம் உண்டு, அது கிடக்கட்டும். நான் சொல்லவருவது, தையல் ஏற்கெனவே இருந்தது. சானல் அந்தத் தையலைப் பிரித்தது, அவ்வளவுதான்.

ஆனால் பிரித்தபோது ஒன்று நடந்தது. பபூன் முடிந்தபின் ராஜபார்ட் வருவார் என்ற உத்தரவாதம் போய்விட்டது. நகைச்சுவைச் சானல் என்பது விடியவிடிய பபூன் மட்டுமே நிற்கிற மேடை.

இதன் விளைவை வடிவேலுவிடம்தான் துல்லியமாகப் பார்க்க முடிகிறது. ‘வின்னர்’ (2003) படத்தின் கதாநாயகன் யார் என்று கேட்டால் எங்கள் ஊர்ப் பையன்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். பிரசாந்த் என்று ஒருவன் சொல்வான். கைப்புள்ளையை யோசிக்க வேண்டியதில்லை. படத்தில் கைப்புள்ள அடிவாங்குவது நாயகனின் பலத்தை எடுத்துக்காட்டுவதற்காக. சானலில் நாயகன் ஒரு கை, ஒரு தோள்பட்டை, ஓரத்தில் நின்று சிரிக்கிற யாரோ ஒருவன். அடி வாங்குகிறவன் மையத்துக்கு வந்துவிட்டான். ஜெயிக்கவே தெரியாத, அதே சமயம் தோற்றதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாத ஒருவன். கைப்புள்ள தலைமை தாங்கிய ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’ 2013-ல் இன்னொரு படத்துக்கே தலைப்பானது. அதன் நாயகன் சிவகார்த்திகேயன், ‘கலக்கப்போவது யாரு’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து வந்தவர். 2011 தேர்தலில் தி.மு.க.வுக்காகப் பிரச்சாரம் செய்தபின் வடிவேலுவுக்குப் படங்கள் அரிதாகின. புதுப்படம் இல்லாத வருஷங்களிலும் அவர் ஒருநாள்கூட இல்லாமல் போகவில்லை என்றால் அதற்கு இந்தத் துண்டுகள்தான் காரணம். 2019 மே மாதம், முகநூலில் யாரோ ஒரு சுத்தியலின் படத்தைப் போட்டு உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்க, ‘ஃபிரண்ட்ஸ்’ (2001) படத்தில் அதே சுத்தியலால் மண்டை உடைந்த கான்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தித்தது. தில்லியில் பிரதமர் பதவியேற்பு நடந்துகொண்டிருந்த அதே நாட்கள். விஜயும் சூர்யாவும் நாயகர்களாக நடித்த படம் அது. அவர்களை யாரும் அப்போது நினைக்கவில்லை.

இதில் ஒரு கவிழ்ப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. பாக்தினைப் படித்தவர்கள் உடனே இதற்குத் திருவிழாவின் தலைகீழாக்கம் என்று பெயர் சூட்டிவிடுவார்கள். நான் அவ்வளவு வேகமாகப் போகத் தயாரில்லை. காரணம், பெர்க்சன் 1900-ல் தன் ‘சிரிப்பு’ நூலில் சொன்ன ஒரு விஷயம்: சிரிக்க வேண்டுமானால் நெஞ்சு கொஞ்சநேரம் மரத்துப்போக வேண்டும். இரக்கம் விழித்திருக்கும் இடத்தில் சிரிப்பு வராது. இங்கே முக்கியம் ‘கொஞ்சநேரம்’ என்பது. பழைய படத்தில் கவுண்டமணி செந்திலை எட்டி உதைப்பார், அடுத்த காட்சியில் ஒரு தாய் அழுவாள், ஒரு பாட்டு வரும், மரத்த நெஞ்சுக்கு உணர்வு திரும்பிவிடும். போலியான அழுகையாகவே இருக்கட்டும், அது செய்த வேலை ஒன்று உண்டு. சானலில் ஓர் உதைக்கு அடுத்து இன்னோர் உதை. கருப்பு நிறம், வழுக்கை, குண்டு, திக்குவாய், திருநங்கை, பெண்டாட்டி, வறுமை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். மரப்பு தெளிவதற்கு இடைவெளியே கிடையாது.

இது ஏட்டுச் சங்கதியில்லை. எங்கள் தெருவில் ஒரு பையன். நல்ல கருப்பு, பல் கொஞ்சம் எடுப்பு. ஒரு காமெடித் துண்டில் வருகிற வசவுப் பெயரை ஏழாம் வகுப்பில் யாரோ அவனுக்கு வைத்தார்கள். துண்டு தினமும் ஓடியது, பெயரும் தினமும் புதுசாகிக்கொண்டே இருந்தது. சினிமாக் கொட்டகையில் பார்த்த வசவு என்றால் படம் மாறியதும் மறந்துபோயிருக்கும். பத்தாவதோடு நின்று திராட்சைத் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். அந்தப் பெயர்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். இப்போது அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. பத்திரிகையில் அடித்திருந்த பெயரைப் பார்த்து ‘இது யாருடா?’ என்று நாலு பேர் கேட்டார்கள். நம் தொல்காப்பியர் நகைக்குச் சொன்ன நான்கு காரணங்களில் எள்ளலை முதலில் வைத்ததில் பொருள் இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தத் துண்டுகளுக்கு இப்போது யாரும் சிரிப்பதே குறைவு. சனீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வழியில் நான் உட்காரும் டீக்கடையில் சனிக்கிழமைகளில் வெளியூர்க் கூட்டம் நெரியும். அன்றைக்கு ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு, டிவியில் காமெடி சானல், சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து வைத்திருப்பார் கடைக்காரர்.

“என்னண்ணே, சத்தத்தக் கூட்டலையா?”

“எதுக்குப்பா? எல்லாருக்கும் மனப்பாடமாத்தான இருக்கு.”

உண்மைதான். எள் தீபம் போட்டுவிட்டு வந்த ஒரு பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே திரையைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். வசனம் பிசகாமல் வந்தது. அவர் முகத்தில் சிரிப்பில்லை. பிரதியெடுக்க எடுக்கக் கலைப்பொருளின் சடங்குத்தன்மை கழன்றுவிடும் என்று வால்டர் பெஞ்சமின் எழுதினார். இங்கே ஆயிரம் தடவை திரும்பியதாலேயே ஒன்று சடங்காகிவிட்டது. பதினைந்து வருஷத்தில் ஒரு சானல் சாதித்தது இதுவென்றால், சின்ன விஷயமில்லை.

இந்த வெட்டுக்குச் சிக்காத ஒரு வடிவேலுவும் உண்டு. ‘தேவர் மக’னில் (1992) அவர் இசக்கி. சிரிக்கவைக்கிற இசக்கியை நறுக்கி எடுத்துவிடலாம். அடுத்தவர் பகையில் கையை இழந்த இசக்கியை எந்தக் காமெடி வரிசையில் சொருகுவது? அந்த இசக்கி மாமன்னனாக ஆனால் என்ற எண்ணத்திலிருந்துதான் ‘மாமன்னன்’ (2023) வந்ததென்று மாரி செல்வராஜ் மேடையிலேயே சொன்னார். அதைப் பார்க்க நான் தியேட்டருக்குப் போனேன். வடிவேலு முகம் முதலில் திரையில் வந்ததும் அரங்கில் வழக்கம்போலச் சிரிப்பு எழுந்தது. அவர் ஒன்றும் செய்யவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். கொஞ்சநேரம் அங்கங்கே சிரித்துப் பார்த்தார்கள். இடைவேளை விட்டு வெளியே வந்தபோது டீ வரிசையில் நின்றவர்கள் யாரும் பேசிக்கொள்ளவில்லை.