மதுவிலக்குக் காலப் புனைகதையில் செல்வமும் காதலும்

அமெரிக்காவில் 1920ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நாடளாவிய மதுவிலக்கு, 1933ஆம் ஆண்டு திசம்பர் 5ஆம் நாள் வரை நீடித்தது. அக்காலத்தைக் களமாகக் கொண்ட கதைகளில் செல்வம், காதல், மிதமிஞ்சிய களியாட்டம் ஆகியவை பிணைந்தே வருகின்றன. இப்பிணைப்பின் காரணத்தை எஃப். ஸ்காட் ஃபிட்சரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925) புதினத்தின்வழி விளக்க முற்படுகிறோம்.

முதற்கண் சட்டத்தின் தன்மையை அறிதல் வேண்டும். வோல்ஸ்டெட் சட்டம் மதுவை உற்பத்தி செய்வதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் தடுத்ததே தவிர, குடித்தலைக் குற்றமாக்கவில்லை. தடைக்கு முன்னர் வாங்கிச் சேமித்த மதுவை வீட்டில் அருந்தலாம். ஆதலின் செல்வர் தம் நிலவறைகளை முன்கூட்டியே நிரப்பிக்கொண்டனர். மருத்துவர் சீட்டிருப்பின் மருந்துக்கடையில் விஸ்கியும் கிடைத்தது. இவ்விடுக்கின் வழியாகவே கேட்ஸ்பியின் செல்வம் புகுகிறது. வட டக்கோட்டாவின் ஏழை உழவர் மகனான அவன், நியூயார்க், சிகாகோ நகரங்களில் மருந்துக்கடைகளை வாங்கி அங்கே சாராயம் விற்றவன் என்பது கதையின் பிற்பகுதியிலேயே வெளிப்படுகிறது. அதுவரை விருந்தினர் பேசும் வதந்திகளே அவன் வரலாறாக நிற்கின்றன.

அவ்விருந்துகளின் அளவை ஆசிரியர் காட்டும் முறை நோக்கத்தக்கது. வெள்ளிதோறும் ஐந்து பெட்டி ஆரஞ்சும் எலுமிச்சையும் வருகின்றன. திங்களன்று அவை சாறிழந்த தோற்குவியலாய்ப் பின்வாசல் வழியே வெளியேறுகின்றன. எத்தனை புட்டி மது என்று எண்ணிக் கூறியிருப்பின் இத்துணை அழுத்தம் பிறந்திராது. கேட்ஸ்பியோ மிகுதியாகக் குடிப்பவன் அல்லன். விரிகுடாவின் எதிர்க்கரையில் வாழும் டெய்சி ஒருநாள் வந்துசேர்வாள் என்பதற்காகவே இத்தனை ஆரவாரமும்.

பிளாசா விடுதிக் காட்சியே நம் கருத்தில் புதினத்தின் மையம். டெய்சியின் கணவன் டாம், கேட்ஸ்பியின் சாராய வணிகத்தை அம்பலப்படுத்துகிறான். டெய்சி மனம் பின்வாங்குகிறாள். ஆயின் அன்று வீட்டிலிருந்து விஸ்கிப் புட்டியைத் துண்டில் சுற்றி விடுதிக்குக் கொண்டுவந்தவன் டாமே! அனுமதியின்றி மதுவைக் கொண்டுசெல்வதும் அச்சட்டப்படி குற்றந்தான். அங்கிருந்த எவரும் அதனைக் குற்றமாகக் கருதவில்லை. பரம்பரைச் செல்வம் உடையவன் சட்டத்தை மீறினால் அது பொழுதுபோக்கு. புதுச்செல்வன் மீறினால் இழிதொழில். டெய்சியை இழப்பதற்குக் காரணமாவது இவ்வேறுபாடே. 1974, 2013ஆம் ஆண்டுகளின் திரைப்படங்களில் விருந்தின் பகட்டே மேலோங்குவதால், இந்தத் துண்டு சுற்றிய புட்டி எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கேட்ஸ்பியின் இறுதிச் சடங்குக்கு, கதைசொல்லியான நிக்கைத் தவிர, விருந்துண்டோருள் வந்தவர் தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்த ஒருவரே. டெய்சியிடமிருந்து ஒரு மலர்கூட வரவில்லை.