பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம்

வலைத்தளம் ஒன்றின் கோப்புகளை அதன் உரிமையாளரின் கணினியிலிருந்து வலை வழங்கிக்கு, இடையில் உள்ள எவரும் படிக்க இயலாதவாறு மறையாக்கம் செய்து அனுப்புவது பாதுகாப்பான கோப்புப் பரிமாற்றம் எனப்படும். எஸ்.எஃப்.டி.பி., எஃப்.டி.பி.எஸ். ஆகிய இரு நெறிமுறைகள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. பெயர்கள் ஒத்திருப்பினும் இவை வெவ்வேறானவை.

பின்னணி

கோப்புப் பரிமாற்ற நெறிமுறையான எஃப்.டி.பி.யின் முதல் வரையறையை 1971 இல் அபய் பூசண் எழுதினார். அப்போது வலையமைப்பில் இணைந்திருந்த கணினிகள் மிகச் சில. எனவே அந்நெறிமுறையில் மறையாக்கம் இடம்பெறவில்லை; பயனர் பெயர், கடவுச்சொல், கோப்பு ஆகிய அனைத்தும் வெற்று உரையாகவே செல்கின்றன. வழியில் ஒட்டுக்கேட்கும் ஒருவர் அவற்றை அப்படியே படித்துவிடலாம். கடவுச்சொல் கிடைத்தபின் தளத்தின் பக்கங்களில் தீநிரலைச் சேர்ப்பது எளிது. அதனால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் தளத்திற்கு வரும் வாசகர்களே. 2009 இல் பரவிய கம்ப்ளார் என்னும் தீநிரல், திருடப்பட்ட எஃப்.டி.பி. கடவுச்சொற்களைக் கொண்டு ஆயிரக்கணக்கான தளங்களை இவ்வாறு மாற்றியது.

எஸ்.எஃப்.டி.பி.

பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, 1995 இல் டாட்டு இலோனென் எஸ்.எஸ்.எச். நெறிமுறையை உருவாக்கினார். அதன் இரண்டாம் பதிப்பின் மேல் இயங்குவதே எஸ்.எஃப்.டி.பி. இது பழைய எஃப்.டி.பி.யின் திருத்தப்பட்ட வடிவம் அன்று. கட்டளைகளும் கோப்புகளும் ஒரே இணைப்பில், வழக்கமாக 22 ஆம் போர்ட் வழியாகச் செல்கின்றன.

முதன்முறை இணையும்போது மென்பொருள் வழங்கியின் திறவியின் கைரேகையைக் காட்டி, ஏற்பதா எனக் கேட்கும். பலர் இதைப் படிக்காமலே ஏற்றுவிடுகின்றனர். வழங்கி நிறுவனம் அறிவித்துள்ள கைரேகையுடன் இதனை ஒப்பிடாவிடில், இடையில் நின்று வழங்கியைப் போல் நடிக்கும் கணினிக்கே கடவுச்சொல்லைக் கொடுத்துவிட நேரலாம். கடவுச்சொல்லுக்குப் பதிலாகத் திறவி இணையையும் பயன்படுத்தலாம். பொதுத் திறவி மட்டும் வழங்கியில் வைக்கப்படும். தனித் திறவி பயனரின் கணினியை விட்டு வெளியேறுவதில்லை.

எஃப்.டி.பி.எஸ்.

இது டி.எல்.எஸ். மறையாக்கத்துடன் கூடிய எஃப்.டி.பி. ஆகும், 2005 இல் சீர்தரமாக வரையறுக்கப்பட்டது. கட்டளைக்கு ஓர் இணைப்பும் கோப்புகளுக்கு வேறு இணைப்பும் உண்டு. கட்டளை இணைப்பு மறையாக்கப்பட்டபின், அடுத்து எந்தப் போர்ட் திறக்கப்படும் என்பதைத் தீயரண் அறிய இயலாது. எனவே நிருவாகிகள் ஒரு போர்ட் வரிசையையே திறந்துவைக்க வேண்டியுள்ளது. கோப்பு இணைப்புக்கும் மறையாக்கத்தைத் தனியே கோர வேண்டும். இல்லையேல் கடவுச்சொல் மறைந்தும் கோப்புகள் வெற்று உரையாகவும் செல்லும்.

வரம்புகள்

மறையாக்கம் பயணவழியை மட்டுமே காக்கும். கம்ப்ளார், பயனரின் கணினியிலேயே புகுந்து கடவுச்சொற்களைக் கவர்ந்தது. பரிமாற்ற மென்பொருளில் சேமித்துவைக்கப்பட்ட கடவுச்சொல்லை இவ்விரு நெறிமுறைகளும் காப்பதில்லை.