படிக்கட்டு நாட்டில் ஒரு சைக்கிள் பயணம்

புனேவுக்கு வந்த புதிதில் நம்மில் பலரிடம் ஒரு சைக்கிள் இருந்தது. "சைக்கிள் நகரம்" என்றே அப்போது இந்த ஊருக்குப் பெயர். காலையில் தொழிற்சாலைக்குப் போகவும், மாலையில் ராஸ்தா பேட்டில் காய்கறி வாங்கி வரவும் அது உழைத்தது. பிறகு ஸ்கூட்டர் வந்தது, கார் வந்தது, சைக்கிள் பால்கனிக்குப் போனது. இப்போது நம் பிள்ளைகள் அதை மறுபடியும் கீழே இறக்கியிருக்கிறார்கள். ஆனால் கடைக்குப் போக அல்ல, மலைக்குப் போக! 2026 ஜனவரியில் புனே மாவட்டத்துச் சாலைகளில் பன்னாட்டு வீரர்கள் கலந்துகொண்ட பல நாள் சைக்கிள் பந்தயம் நடந்த பிறகு இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது.

என் மகளும் ஒரு நாள், "ஞாயிற்றுக்கிழமை சிங்ககட் போறோம், நீங்களும் வாங்கப்பா" என்றாள். அவளோடு சில பாதைகளில் போய் வந்தேன். ஒரு முறை விழுந்தும் எழுந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பிள்ளைகள் சைக்கிளில் மலைக்குப் போகிறேன் என்றால் பெற்றோராகிய நாம் ஏற்றத்தை நினைத்துத்தான் கவலைப்படுகிறோம். உண்மையில் கவனிக்க வேண்டியது இறக்கத்தை.

நிலத்தின் அமைப்பு

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி பிளந்து, எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி உறைந்ததுதான் இந்தத் தக்காணப் பகுதி. கெட்டியான அடுக்கு சமதரையாக நின்றது. மென்மையான அடுக்கு மழையில் கரைந்து சரிவானது. அதனால்தான் இங்குள்ள மலைகள் படிக்கட்டு போலத் தெரிகின்றன. இந்தப் பாறையைப் புவியியலார் "டிராப்" என்று அழைப்பதும் படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடிஷ் சொல்லிலிருந்து வந்ததே.

புனே கடல் மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 65 கி.மீ. தள்ளியுள்ள லோணாவ்ளா அதைவிட ஏறக்குறைய 60 மீட்டர்தான் உயரம். ஆனால் கண்டாலாவைத் தாண்டியதும் நிலம் மதில் போலக் கொங்கணத்துக்குள் இறங்கிவிடுகிறது. நம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளும் ஒரே மூச்சாக வரும். இங்கே அப்படியில்லை. வெகுதூரம் சமதரை, திடீரென்று ஒரு சுவர், மறுபடியும் சமதரை. இந்தச் சுவரில் ஏறும் சாலையைத்தான் மராத்தியில் "காட்" என்கிறார்கள்.

பழகுவதற்கு ஏற்ற பாதைகள்

முதலில் சிங்ககட். கடக்வாஸ்லா அணை வரை சாலை எளிது. அணையோரம் இளைப்பாறிவிட்டு மலையடிவாரத்துக்குப் போனால், அங்கிருந்து கோட்டை வாசல் வரை சுமார் 9 கி.மீ. ஏற்றம். அதற்குள் 600 மீட்டர் அளவு உயர வேண்டும். பழகியவர் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடுவார். புதியவருக்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். நடுவில் இறங்கித் தள்ளுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. மேலே சுடச்சுடப் பிட்லாவும் பாக்ரியும், மண்சட்டித் தயிரும் காத்திருக்கும்.

1670-ல் தானாஜி மாலுசரே உயிர் கொடுத்து மீட்ட கோட்டை இது என்பதைப் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். அங்கே ராஜாராம் மகாராஜாவின் சமாதியும் இருக்கிறது. அதை அவசியம் காட்டுங்கள். 1689-ல் மொகலாயரிடமிருந்து தப்பி நம் செஞ்சிக் கோட்டைக்கு வந்து, அங்கிருந்தபடி மராத்திய அரசை நடத்தியவர் அவர். 1700-ல் சிங்ககட்டில் காலமானார். நம் ஊரையும் இந்த ஊரையும் இணைக்கும் கல் ஒன்று அந்த மலையுச்சியில் இருக்கிறது.

இரண்டாவது சாஸ்வட் வட்டம். கோண்ட்வாவிலிருந்து பாப்தேவ் காட் ஏறிச் சாஸ்வட் போய், திவே காட் வழியாக ஹடப்ஸர் திரும்பலாம். வீடு இருக்கும் இடத்தைப் பொறுத்து 60 முதல் 70 கி.மீ. வரும். பாப்தேவ் செங்குத்தானது. அதை ஏறுவதற்கு வைத்துக்கொண்டு, சரிவு குறைந்த திவே காட்டை இறங்குவதற்கு வைத்துக்கொள்வது நல்லது. திவே காட்டில் லாரிகள் அதிகம் என்பதால் அதிகாலையிலேயே கிளம்பிவிட வேண்டும். ஆஷாட ஏகாதசிக்கு முன் ஞானேஸ்வரர் பல்லக்கு பண்டரிபுரம் நோக்கி இந்த மலை ஏறும். அன்று சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு வாரியைத் தரிசிக்கப் போகலாம்.

நான் விழுந்த கதை

மேலே சொன்ன வரிசையை மாற்றி, திவே காட் ஏறிப் பாப்தேவில் இறங்கியதுதான் நான் செய்த தவறு. பயத்தில் உச்சியிலிருந்தே பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது வளைவில் பிடித்த பிரேக் பிடிக்கவில்லை. நல்லவேளையாகப் பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து மண்ணில் சாய்ந்தேன். முழங்கால் சிராய்ப்போடு தப்பித்தேன். பின்னால் வந்த மகளின் முகம் வெளுத்துவிட்டது. ரிம்மைத் தொட்ட விரல் சுட்டது.

காரணம் எளிய கணக்குதான். ஆளும் வண்டியுமாக 80 கிலோ, 200 மீட்டர் இறங்கினால் வெளிப்படும் சக்தி அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். மெதுவாக இறங்கும்போது அதில் பெரும்பகுதி பிரேக் கட்டையிலும் ரிம்மிலும் வெப்பமாகச் சேர்கிறது. சூடேறிய கட்டை வழுக்கும். சில சமயம் ட்யூப் வெடிப்பதும் உண்டு.

எனவே வளைவுக்கு முன்பே, நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்குகளையும் அழுத்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு விட்டுவிட்டு, காற்றில் ஆறவிட வேண்டும். வளைவுக்குள் அழுத்தக் கூடாது. நீண்ட இறக்கத்தில் ஓரிடத்தில் நின்று இறங்கி, ரிம் ஆறும்வரை மலையைப் பார்க்கலாம். கிளம்புவதற்கு முந்தைய நாளே பிரேக் கட்டையின் தேய்மானத்தைப் பார்த்துவிடுங்கள். என் வண்டியில் அது பாதிக்கு மேல் தேய்ந்திருந்ததை விழுந்த பிறகுதான் பார்த்தேன்.

தூரத்துப் பாதைகள்

பௌட் சாலை வழியாக முல்ஷி ஏரி நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. ஏரியோரம் தாம்ஹிணி வரை போகும் சாலையின் அழகைச் சொல்லி முடியாது. இந்த அணையை டாடா நிறுவனம் கட்டியபோது நிலம் இழந்த விவசாயிகள் 1921-ல் சத்தியாகிரகம் தொடங்கினார்கள். சேனாபதி பாபட் அதற்குத் தலைமை ஏற்றார். ஏரியின் தண்ணீர் மேற்கே சுமார் 500 மீட்டர் கீழேயுள்ள பிராவில் விழுந்து மின்சாரம் தருகிறது. தாம்ஹிணி காட்டில் நாமும் அதே சுவரில்தான் இறங்குகிறோம். தண்ணீர் திரும்பி வர வேண்டியதில்லை, நாம் வர வேண்டும்! ஆகவே புதியவர்கள் உச்சியிலேயே திரும்பிவிடுவது நல்லது.

அடுத்தது மகாபலேஷ்வர், 120 கி.மீ. கத்ரஜ், ஷிர்வல், கம்பாட்கி காட் தாண்டி வாய் என்ற ஊர் வரும் (ஊரின் பெயரே அதுதான், சிரிக்க வேண்டாம்). அங்கிருந்து பசர்ணி காட் ஏறினால் பஞ்ச்கனி. ஒரே நாளில் முயலாமல் வாயில் ஓர் இரவு தங்குங்கள். மும்பை பக்கம் போகிறவர்கள் பழைய சாலையில்தான் போக வேண்டும். விரைவுச்சாலையில் சைக்கிளுக்கு அனுமதியில்லை.

கிளம்பும் முன்

நம் பழைய ஒற்றை கியர் சைக்கிளில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி 5 மீட்டருக்கு மேல் போகும். மலைக்கு அது ஆகாது. முன்னும் பின்னும் பற்களின் எண்ணிக்கை சமமாக அமையும் கியர் இருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் அளவே நகரும், முழங்கால் பிழைக்கும்.

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழைக்காலத்தில் பச்சை கண்ணைப் பறிக்கும். ஆனால் பனிமூட்டமும் மண்சரிவும் சேர்ந்தே வரும். கோடையில் விடியுமுன் கிளம்பிப் பத்து மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். தலைக்கவசம், முன்னும் பின்னும் விளக்கு, இரண்டு பாட்டில் தண்ணீர், மாற்று ட்யூப், காற்றுப் பம்பு ஆகியவை கட்டாயம். தனியாகவோ இருட்டிய பிறகோ காட் இறங்க வேண்டாம். சாப்பிட மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை மிஞ்சியது எதுவுமில்லை. தண்ணீர் தீர்ந்தால் எந்தக் கிராமத்து வாசலிலும் "பாணி மிளேல் கா?" என்று கேளுங்கள். தண்ணீரோடு சில சமயம் தேநீரும் வரும்.

எத்தனையோ வருடங்கள் இங்கே வாழ்ந்தும் நான் இந்த மலைகளைக் கார் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருந்தேன். மிதித்து ஏறிய பிறகுதான் இதுவும் நம் ஊர் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு பிள்ளைகள் கிளம்பும்போது தடுக்காதீர்கள். அவர்களுடைய பிரேக்கைப் பார்த்துவிட்டு, முடிந்தால் நீங்களும் கூடவே கிளம்புங்கள்.