பெருந்தீயும் பொதுப்பணமும்

ஒக்டோபர் மாதத்தின் கடைசி இரவு அயர்லாந்துச் சிறுவர்களுக்கே உரிய இரவாகும். முகமூடி அணிந்து வீடு வீடாகச் சென்று பழமும் இனிப்பும் பெறுவர். உள்ளே மோதிரத்தை மறைத்துச் சுட்ட பழரொட்டியைக் குடும்பத்தார் கூடி உண்பர். இருள் படர்ந்ததும் திறந்த வெளிகளிற் பெருந்தீ மூட்டி அதனைச் சூழ்ந்து நிற்பர். இதுவே ஹலோவீன் திருநாள். அமெரிக்க விழாவென்றே பலராலும் கருதப்படினும், இதன் வேர் பண்டைக் கெல்ற்றிய மக்கள் கொண்டாடிய 'சவின்' விழாவிலே இருக்கின்றது. அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அவ்விரவில், இறந்தோர் உலகின் கதவு திறக்கும் என்று அவர்கள் நம்பினர். தீமையை விலக்கத் தீ வளர்த்தனர்.

நம்பிக்கை பழையது, எரிபொருளோ புதியது. விறகு எரிந்த இடத்திலே இன்று பழைய ரயர்களும், மெத்தைகளும், வர்ணம் பூசிய பலகைகளும் எரிகின்றன. அவற்றின் கரும்புகை நச்சுத்தன்மை உடையது. சுவாச நோயாளரை அது பெரிதும் வருத்தும். ஆதலால் 1996ஆம் ஆண்டின் கழிவுப்பொருட் சட்டமும், 2009ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளும் இவ்வாறு கழிவுகளை எரிப்பதைத் தடைசெய்கின்றன. உள்ளூராட்சிச் சபைகளின் ஊழியர் விழாவுக்குப் பல நாள்களுக்கு முன்னரே குவியல்களைத் தேடி அகற்றுகின்றனர். சிறுவர்களோ மீண்டும் சேர்க்கின்றனர்.

சட்டம் இருந்தும் தீ எரிகின்றது. அதனை அணைப்போர் யார்? அவர்களுக்குப் பணம் கொடுப்போர் யார்?

1981ஆம் ஆண்டின் தீயணைப்புச் சேவைச் சட்டம் இப்பொறுப்பை உள்ளூராட்சிச் சபைகளிடமே ஒப்படைத்தது. ஆயின், அச்சபைகளின் வருவாய்க்கு ஆதாரமாயிருந்த வீட்டு வரி 1978இலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆதன வரி என்னும் புதிய வரி 2013இலேதான் வந்தது. தீயணைப்பு வண்டிகளுக்கும் நிலையங்களுக்கும் மத்திய அரசாங்கம் மூலதன உதவி அளிக்கின்றது. அன்றாடச் செலவின் சுமையோ பெரிதும் சபைகளின் மீதே விழுகின்றது. அழைப்புக்கு வந்து தீயை அணைத்த பின்னர் வீட்டுக்காரரிடம் கட்டணம் அறவிடும் சபைகளும் உள.

டப்ளின் நகரத் தீயணைப்புப் படை 1862இல் நிறுவப்பட்டது. இன்று நான்கு சபைகளின் எல்லைக்குள் வாழும் மக்களைக் காப்பது அப்படையே. அதற்கு மற்றுமொரு கடமையும் உண்டு. 1898ஆம் ஆண்டு முதல் அது அம்புலன்ஸ் சேவையையும் நடத்தி வருகின்றது. தீயணைக்கும் வீரரே நோயாளிக்கு முதலுதவி செய்பவரும் ஆவர். புல்வெளியிற் பழைய மெத்தை எரிவதை அணைக்க ஒரு குழு நின்றுகொண்டிருக்கும் வேளையில், அடுத்த தெருவில் ஒரு முதியவரின் நெஞ்சு வலிக்கக்கூடும். இதனினும் வருந்தத்தக்கது, அணைக்க வந்தோர் மீதே கல்லும் வாணவெடியும் வீசப்படும் கொடுமையாகும். பல ஆண்டுகளில் இது நிகழ்ந்துள்ளது.

தலைநகருக்கு அப்பாலுள்ள சிற்றூர்களின் நிலை வேறு. அங்கே தீயணைப்போரிற் பெரும்பாலோர் வேறு தொழில் செய்துகொண்டே, அழைப்பு வந்ததும் நிலையத்துக்கு ஓடிவருவோர். நிலையத்துக்கு அண்மையிலேயே வாழவேண்டும்; குடும்பத்தோடு வெளியூர் செல்வதும் எளிதன்று. இத்தகையோர் 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஊதியத்தையும் ஓய்வையும் வேண்டிப் பணிநிறுத்தம் செய்தனர். ஆள் சேர்வது அரிதாகிவிட்டது என்பதும் அவர்கள் முறையீடாகும்.

வகுப்பறையிலே 'செய்யாதே' என்னும் சொல்லைப் பல்லாண்டு கூறிய நாம் ஒன்றை அறிவோம். அச்சொல் தனித்து நில்லாது. 'இதனைச் செய்' என்னும் சொல்லும் அதன் பக்கத்தில் நிற்றல் வேண்டும். டப்ளின் மாநகரசபை இதனை ஓரளவு உணர்ந்துள்ளது. 'டிராகுலா' என்னும் நாவலை எழுதிய பிராம் ஸ்ரோக்கர் அந்நகரிற் பிறந்தவர். அவர் பெயரால் ஒக்டோபர் இறுதியில் ஒரு விழா நடைபெறச் சபை துணைநிற்கின்றது. இத்தகைய விழாக்கள் நகர நடுவில் மாத்திரமன்றி, சிறுவர் ரயர் சேர்க்கும் ஒவ்வொரு குடியிருப்பிலும் நிகழ்தல் நன்று.

தடைவிதிக்கும் அரசாங்கம், அத்தடை மீறப்படும் இரவிலே ஓடிவருவோரின் ஊதியத்திலும் பங்கேற்கக் கடமைப்பட்டது. சட்டத்தை எழுதுவதற்கு மை போதும். தீயை அணைப்பதற்கு நீரும், வண்டியும், உறக்கம் விட்டெழும் மனிதரும் வேண்டும்.