லாரி ஷெட் வேலைக்கு புதுசா? தூக்குறதுக்கு முன்னாடி எண்ணுங்க!

சென்னை: மாதவரம், மண்ணடி பக்கம் உள்ள பார்சல் லாரி ஷெட்டுகளில் வேலைக்கு சேரும் வாலிபர்களுக்கு இருக்கும் பயம் ஒன்றுதான். "அவ்வளவு பெரிய மூட்டையை தூக்க முடியுமா?" ஆனால் புது ஆளுக்கு முதல் வாரம் வம்பு வருவது பெரும்பாலும் மூட்டையால் அல்ல, எண்ணிக்கையால்.

பகலில் புக்கிங் ஆகும் சரக்கு சாயங்காலம் ஷெட்டில் வந்து குவியும். அதை ஊர் வாரியாக பிரித்து ராத்திரிக்குள் ஏற்றியாக வேண்டும். ஒவ்வொரு சரக்குக்கும் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது உண்டு. அனுப்புகிறவர், வாங்குகிறவர், எத்தனை உருப்படி, எவ்வளவு எடை, வாடகை கட்டியாச்சா, எடுக்கும்போது கட்டணுமா எல்லாம் அதில் இருக்கும். பெட்டி மேல் உள்ள மார்க்கும் ரசீதும் ஒத்துப்போன பிறகே பெட்டியை நகர்த்த வேண்டும்.

ரசீது 12 பெட்டி என்று சொல்லும். வந்திருப்பது 11 ஆக இருக்கும். அவசரத்தில் கையெழுத்து போட்டுவிட்டால் அந்த ஒரு பெட்டிக்கு பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்து போட்டவர்தான். கூலியில் பிடித்துக் கொள்ளும் முதலாளிகளும் உண்டு. நசுங்கிய, நனைந்த பெட்டி வந்தாலும் இதே கதை. "நனைஞ்சிருக்கு" என்று ரசீதிலேயே எழுதி, கொண்டு வந்தவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்ணே" என்று விட்டால் அந்த அப்புறம் வரவே வராது.

அடுக்குவதிலும் கணக்கு இருக்கிறது. கடைசியில் இறங்கும் சரக்கு முதலில் ஏற வேண்டும். நெல்லைக்கு போகும் வண்டியில் நெல்லை சரக்கு உள்ளே, மதுரை நடுவில், திருச்சி கதவோரம். மாற்றி அடுக்கினால் நடுராத்திரியில் திருச்சியில் பாதி லாரியை காலி செய்ய வேண்டியதுதான். அப்போது டிரைவர் பேசும் பேச்சை இங்கே எழுத முடியாது. கனமானது அடியில், லேசானது மேலே. பாரம் ஒரே பக்கம் சாய்ந்தால் வளைவில் வண்டி கவிழும் ஆபத்து உண்டு. ஆசிட் கேன் பக்கத்தில் அரிசி மூட்டை கூடவே கூடாது.

அடுத்தது இடுப்பு. ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. புது ஆள் கெத்து காட்ட குனிந்தபடியே வெடுக்கென்று தூக்குவார், மறுநாள் வேலைக்கு வரமாட்டார். முட்டியை மடக்கி உட்கார்ந்து, மூட்டையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, கால் பலத்தில் எழ வேண்டும். பாரத்தோடு இடுப்பை திருப்பாமல் காலை நகர்த்தி திரும்ப வேண்டும். லாரி ரிவர்ஸ் வரும்போது பிளாட்பாரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்பது உயிருக்கே ஆபத்து. சக்கரத்துக்கு கட்டை வைத்த பிறகுதான் ஏற வேண்டும்.

கூலி பீஸ் கணக்கா, டன் கணக்கா, மாசச் சம்பளமா என்பதை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. தினமும் எத்தனை உருப்படி ஏற்றியது என்று சொந்தமாக ஒரு நோட்டில் குறித்து வைத்தால் சனிக்கிழமை தகராறு இருக்காது.

சுமை தூக்குபவர்களுக்காக 1982-ல் தமிழகத்தில் தனி சட்டமே வந்தது. அதன்கீழ் உள்ள உடலுழைப்பு தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். விபத்து உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, ஓய்வூதியம் எல்லாம் இதில் உண்டு. ஆனால் அடிபட்ட பிறகு பதிவு செய்ய ஓடினால், அந்த விபத்துக்கு பணம் கிடைக்காது.

ஷெட்டில் இருந்து கிளீனராகி, பிறகு டிரைவராக நினைப்பவர்களும் உண்டு. லாரி ஓட்ட 20 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் கார் ஓட்டும் லைசென்ஸ் எடுத்து குறைந்தது 1 வருடம் முடிந்திருக்க வேண்டும். 8-ம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019-ல் நீக்கப்பட்டது. ஆகவே 18 வயதில் ஷெட்டுக்கு வருபவர் 19 வயதுக்குள் கார் லைசென்ஸை கையில் வாங்கிவிட்டால், 20-ல் லாரிக்கு எல்.எல்.ஆர். போடலாம்.